சோற்றுப் பருக்கையால் ஒட்டிய உறை

குணா,

இந்தக் கடிதத்தை உன் பெண்டாட்டி மாலாவிடம்கூடக் காட்டாமல் முதலில் நீ மட்டும் படி. படித்த பிறகு யாருக்குக் காட்டுவது, காட்டாமல் விடுவது எல்லாம் உன் இஷ்டம். நாலு நாளாக எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தியவள் என் அண்ணி. ஒரு திங்கட்கிழமை காலை, நான் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, பையைக் கழற்றிவிட்டு அவள் பிள்ளையைத் தூக்கி என் இடுப்பில் வைத்தாள். பச்சைச் சேலை கட்டியிருந்தாள். அவள் செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது, நான் இன்னும் அவளை மன்னிக்கவில்லை. அடுத்தவர் எனக்குச் செய்தது ஒவ்வொன்றும் இப்படித்தான் நாளும் கிழமையுமாக மனதில் உட்கார்ந்திருக்கும். நான் அடுத்தவருக்குச் செய்ததுதான் சீக்கிரம் மங்கிப்போகும். மங்காமல் நின்றது ஒன்று உண்டு. அதை உன்னிடம் சொல்லாமல் இத்தனை வருஷம் உன் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன்.

போன சனிக்கிழமை கெலுகோரில் உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன். உன் மகள் தர்ஷினி பள்ளியிலிருந்து கொண்டுவந்த தாளை உன் முன்னால் வைத்தாள். அவள் வயதுப் பிள்ளைகள் உடம்புக்கோ மனசுக்கோ முடியாமல் போனால் கிளினிக்குக்குப் போகிறார்களா, போகாவிட்டால் ஏன் போகவில்லை என்று ஏதோ ஆராய்ச்சிக்காகக் கேட்கப்போகிறார்களாம். அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட வேண்டும். நீ முழுசாகப் படிக்கவில்லை, குணா. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மேலே இருந்த இரண்டு வரியைப் படித்ததுமே தாளை மடித்துவிட்டாய்.

"வேணாம்."

"ஏன்ப்பா? பேருகூட எழுதத் தேவையில்ல. நம்பர் மட்டும்தான் லா."

"அப்படித்தான் சொல்லுவாங்க. எங்கிட்டயும் ஒருத்தி வந்து யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சொன்னா. பத்து நாள்ல பிளாட் முழுக்கத் தெரிஞ்சுபோச்சு. பாட்டியக் கேளு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் மீனைப் பார்த்தேன்.

"என் பேருக்கும் கீழ ஒரு இடம் இருக்குப்பா. என்னையும் கேக்கணும்னு போட்டிருக்கு" என்றாள் அவள். நீ தாளைக் கிழிக்கப்போனாய், பிறகு என்ன நினைத்தாயோ, மடித்தபடியே குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வெளியே போனாய். பாட்டியைக் கேள் என்று நீ சொன்னாய் பார், அந்த வார்த்தைதான் என்னை நாலு நாளாக உட்கார விடாமல் எழுத வைக்கிறது. நீ என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டாய். நான் வாயைத் திறக்கவில்லை.

உனக்குப் பதினைந்து வயது, மூன்றாம் படிவம் படித்தாய். அந்த வருஷம்தான் உன் அப்பாவின் லாரி துறைமுகத்துப் பக்கம் கவிழ்ந்தது. கால் முறிந்து ஐந்து மாதம் வீட்டில் கிடந்தார். பிறகு தேறி மறுபடியும் லாரி ஏறினார். எனக்கு அதோடு அந்தக் கதை முடிந்தது. உனக்கு முடியவில்லை என்பது எனக்குத் தெரியாது. நீ சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தால் திமிர் என்று நினைத்தேன். ராத்திரி தூங்கவில்லை என்றால் கதைப்புத்தகம் என்று நினைத்தேன். அப்பா வர அரை மணி தாமதமானால் நீ மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நிற்பாய். பந்து விளையாட்டா பார்க்கிறாய், போய்ப் படி என்று முதுகில் தட்டியிருக்கிறேன்.

அப்போதுதான் நம் சுங்கை பினாங் பிளாட்டுக்கு அந்தப் பெண் வந்தாள். லதா. பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படிக்கிற பிள்ளை, உன்னைவிடப் பத்து வயது மூத்திருப்பாள். கேட்டது இதே கேள்விதான், பிள்ளைகள் ஏன் கிளினிக்குக்கு வருவதில்லை என்று. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். என் முன்னால் ஒரு தாள், உன் முன்னால் ஒரு தாள்.

"ஆண்ட்டி, நீங்க சைன் போட்டா நான் அவனக் கேக்கலாம்னு அர்த்தம். அவன் பதில் சொல்லியே ஆகணும்னு அர்த்தமில்ல. அவனுக்குப் பிடிக்கலேன்னா நான் எழுந்து போயிடுவேன். அவன் என்ன எழுதினான்னு உங்களுக்கும் காட்ட மாட்டேன். அதுக்கு நீங்க ஒத்துக்கணும்."

"பெத்தவளுக்குத் தெரியாம என்னம்மா ரகசியம்? நான்தானே அவனுக்குச் சோறு போடுறேன்."

"சோறு நீங்கதான் போடுறீங்க ஆண்ட்டி. நெஞ்சு அவனோடதாச்சே." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "அவன் உயிருக்கு ஆபத்துன்னு எனக்குத் தெரிஞ்சா மட்டும் சொல்லுவேன். அதையும் முதல்ல அவன்கிட்ட சொல்லிட்டுத்தான் உங்ககிட்ட வருவேன்."

நான் சரி என்று என் பெயரைக் கோணல்மாணலாகப் போட்டேன். நீ பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாய். "அம்மா பாக்க மாட்டாங்களா?" என்று அவளைத்தான் கேட்டாய், என்னைக் கேட்கவில்லை. அது எனக்குச் சுருக்கென்றது. "மிஸ் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பாங்க, சீக்கிரம் போடுடா" என்று அதட்டினேன். லதா உடனே, "அவசரமில்ல ஆண்ட்டி, அவனே சொல்லட்டும்" என்றாள். ஆனால் அதட்டல் விழுந்துவிட்டது. நீ போட்டாய். அந்தக் கையெழுத்தில் பாதி உன் விருப்பம், பாதி என் அதட்டல் என்று எனக்கு இப்போது தெரிகிறது. முதல் தப்பு அதுதான். அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது.

தாள்களை உன்னிடம் கொடுத்து, எழுதி இந்தப் பழுப்பு உறையில் போட்டு நீயே ஒட்டிவை, ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீ வீட்டுக்குள் எழுதாமல் மாடிப்படியில் போய் உட்கார்ந்து எழுதினாய். ரொம்ப நேரம். பள்ளிப் பரீட்சைக்குக்கூட நீ அவ்வளவு எழுதி நான் பார்த்ததில்லை. எழுதி முடித்து ஒட்டி, அலமாரி மேல் உன் புத்தகங்களுக்கு அடியில் வைத்தாய். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளை யாரோ ஒருத்திக்கு இத்தனை பக்கம் எழுதுகிறான், என்னிடம் இரண்டு வார்த்தை பேசுவதில்லை. இதுதான் என் மனதில் ஓடியது.

புதன்கிழமை காலை நீ பள்ளிக்குப் போனாய். நான் கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து, அந்த ஆவியில் உறையைப் பிடித்து, மெதுவாகப் பிரித்தேன். குணா, உன் உறையைப் பிரித்தது நான்தான். லதா இல்லை.

பிரித்தேனே தவிர எனக்குப் படிக்கத் தெரியவில்லை. எல்லாம் மலாய். பாசாரில் மலாய் பேசிப் பேரம் பண்ணுவேன், எழுத்தைப் பார்த்தால் ஒன்றும் ஓடாது. நம் மாடியில் எந்தக் காகிதம் வந்தாலும் யாரிடம் போவோம் என்று உனக்கு நினைவிருக்கும். இரண்டு வீடு தள்ளி இருந்த பார்வதி. ஆபீஸில் கிராணியாக எழுத்து வேலை பார்த்தவள், மலாயில் கடிதமே எழுதுவாள். கரண்டு பில்லா, ஆஸ்பத்திரி சீட்டா, வீடமைப்பு ஆபீஸிலிருந்து எச்சரிக்கையா, நாங்கள் எல்லோரும் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவள் வாசலில் போய் நிற்போம். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிப்பாள். எத்தனையோ வருஷப் பழக்கம். அந்தப் பழக்கத்தில் கால் தானாகப் போய்விட்டது என்று சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் போகும்போது முந்தானைக்குள் மறைத்து எடுத்துப் போனேன். கரண்டு பில்லை யாரும் மறைத்து எடுத்துப் போவதில்லை.

பார்வதி முதலில் மலாயில் வாசிப்பாள், பிறகு தமிழில் சொல்லுவாள். அப்பா வேலைக்குப் போனால் உனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது, மூச்சு நிற்கிற மாதிரி இருக்கிறது, செத்துவிடுவோம் என்று பயம் வருகிறது என்று எழுதியிருந்தாய். ஒரு நாள் பள்ளி முடிந்து சீருடையோடு தனியாகப் பஸ் ஏறிக் கிளினிக்குக்குப் போயிருக்கிறாய். வயது போதாது, பெற்றவர்கள் யாரையாவது கூட்டிக்கொண்டு வா என்று கவுண்டரில் அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்துவிட்டாய். கீழே அடுத்த கேள்வி, ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று. அதற்கு நீ எழுதியதைப் பார்வதி தமிழில் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. எனக்கே புரிகிற மலாயாக இருந்தது. எமாக் தாவு, சத்து பிளாட் தாவு. அம்மாவுக்குத் தெரிந்தால் பிளாட்டுக்கே தெரியும்.

பார்வதி கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தாள். "ஒம் மகன் ஒன்ன நல்லாத்தான் தெரிஞ்சு வச்சிருக்கான்" என்று சிரித்தாள்.

என் பிள்ளைக்கு நெஞ்சு அடைக்கிறது என்று கேட்டபோது எனக்கு வராத கோபம், அந்த ஒரு வரிக்கு வந்தது. என்னைப் பற்றி ஊரில் யாருக்கோ எழுதிக் கொடுக்கிறானா என்று. அந்த வரி பொய் என்று உன்மேல் கோபப்பட்டேன், அதையும் பார்வதியின் வாசலில் நின்றுகொண்டே. பிறகு வீட்டுக்கு வந்து உறையை ஒட்டப் பார்த்தேன், பழைய பசை பிடிக்கவில்லை. பானையிலிருந்து நாலு பருக்கைச் சோறு எடுத்து நசுக்கித் தடவி ஒட்டி, நீ வைத்த இடத்தில் வைத்தேன். கல்யாணப் பத்திரிகை உறைகளை எல்லாம் நாங்கள் அப்படித்தான் ஒட்டுவோம். ஞாயிற்றுக்கிழமை லதா வந்தாள், நீயே எடுத்துக் கொடுத்தாய், மற்ற பிள்ளைகளுடையதோடு பெட்டியில் போட்டுக்கொண்டு போனாள்.

பத்து நாள் பிடித்தது. பார்வதி அவள் தங்கச்சியிடம் சொல்ல, தங்கச்சி மகன் பந்து விளையாடுகிற இடத்தில் சொன்னான். நீ கீழே இறங்கினாலே பையன்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்து காட்டினார்கள். "மெண்டல் வரான், கிளினிக்கக் கூப்பிடு." நீ பந்து விளையாடுவதை அன்றோடு விட்டாய். கடைக்குப் போகச் சொன்னால் போக மாட்டாய். லிஃப்ட்டில் யாராவது இருந்தால் படியில் நடந்து ஏறுவாய், ஒன்பது மாடி. என்னிடம் நீ கேட்கவே இல்லை. அந்தத் தாள் லதாவிடம்தான் இருந்தது, அதனால் லதாதான் சொன்னாள் என்று நீயே முடிவுக்கு வந்தாய். எனக்கு அது வசதியாகப் போயிற்று.

அவள் மிச்ச வீடுகளுக்கு வந்த அன்று லிஃப்ட் வாசலில் நீ அவளை மறித்தாய். உன் குரல் உடைகிற வயது, பாதி ஆண் குரலும் பாதிப் பிள்ளைக் குரலுமாக வந்தது. "நீங்கதானே சொன்னீங்க, யாருக்கும் சொல்ல மாட்டேன்னு." அக்கம்பக்கம் எல்லாம் கதவைத் திறந்தார்கள். பார்வதி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியவள் நான். படித்த திமிர் என்றேன், ஏழைப் பிள்ளை என்றால் விளையாட்டா என்றேன், அவள் பெற்றவர்களையும் இழுத்துப் பேசினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. உன்னைத்தான் பார்த்தாள்.

"குணா, நான் யார்கிட்டயும் சொல்லல. நீ நம்பலேன்னா அது உன் தப்பு இல்ல. உன் தாள வெளிய எடுத்துடவா? எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு சொல்லியிருந்தேன்ல."

"கிழிச்சுப் போடுங்க."

"நீயே கிழி" என்று பெட்டியிலிருந்து தேடி எடுத்தாள், எல்லா வீடும் முடிந்த பிறகு பிரிக்கலாம் என்று உறைகளை அப்படியே வைத்திருந்தாள். உறையைக் கையில் வாங்கியதும் ஒரு நிமிஷம் நின்றாள். ஒட்டின இடத்தில் காய்ந்த பருக்கை ஒன்று வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். பிறகு அந்த இடத்தின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்து உன்னிடம் நீட்டினாள். நீ அதை அப்படியே வாங்கி இரண்டாக, நாலாக, எட்டாகக் கிழித்துக் குப்பைக் குழாயில் போட்டாய். கோபத்தில் உனக்கு எதுவும் கண்ணில் படவில்லை, அது அவள் பிரிக்காத உறை என்பதுகூட.

அவள் பின்னாலேயே நான் கீழே போனேன். திட்ட இல்லை, பயத்தில். காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அழுதிருந்தாள்.

"ஏன் மேல சொல்லல?" என்று கேட்டேன்.

"நான் இப்போ போயிடுவேன் ஆண்ட்டி. அவன் உங்க வீட்டுலதான் இருக்கணும். என்னை நம்பலேன்னா பரவால்ல. உங்களையும் நம்பலேன்னா அவன் எங்க போவான்?" கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் சொல்லக் கூடாது. நீங்க சொல்லிடுங்க. இன்னைக்கே சொல்லிடுங்க" என்றாள். மடித்த தாள் ஒன்று கொடுத்தாள், தனியாக வருகிற பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பேசுகிற ஒரு டாக்டரம்மாவின் விலாசம். அதை உன்னிடம் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தால் ஏன் கொடுத்தாள் என்று கேட்பாய், பேச்சு வளரும் என்று அதை நான் அரிசி டின்னுக்குள் வைத்தேன். பிறகு பூச்சி அரித்துவிட்டது.

அன்றைக்கே சொல்லவில்லை. மறுநாளும் இல்லை. பார்வதியோடு பேச்சை நிறுத்தினேன். அவள் சாவுக்குக்கூட வாசல்வரைதான் போனேன், உள்ளே கால் வைக்கவில்லை. அவள் வாயால்தான் என் பிள்ளை கெட்டான் என்று அந்தக் கோபத்தை இருபத்தைந்து வருஷம் சோறு போட்டு வளர்த்தேன். அவள் கையில் கொண்டுபோய்க் கொடுத்தது யார் என்ற இடம் வரும்போது மட்டும் வேறு நினைப்புக்குப் போய்விடுவேன். லதாவைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தால் நானும் சேர்ந்து திட்டுவேன். நீ மறக்கப் பார்த்தாலும் நான் விடவில்லை.

உன் கல்யாணத்தன்று முகூர்த்தத்துக்கு முன்னால் நீ மண்டபத்தின் பின்பக்கம், நாற்காலிகள் அடுக்கி வைத்த இடத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாய். உன் வேட்டி ஓரம் நடுங்கியது. டாக்டரைக் கூப்பிடவா என்றேன். "எவனும் வேணாம்மா. யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாய். யாரிடம் எதைச் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. போன வருஷம் மாலா உன்னைச் செக்கப்புக்குப் போகச் சொல்லிக் கெஞ்சியபோதும் இதே பதில்தான். பதினைந்து வயதில் ஒருத்தியை நம்பி எழுதினாய், அந்த நம்பிக்கை வீண் என்று உனக்குக் காட்டியவள் நான். பிறகு நீ ஒரு டாக்டரையும் நம்பவில்லை. லதா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், குணா. உன் கோபத்தையும் வாங்கிக்கொண்டு காப்பாற்றினாள். அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் அவள் வாசலில் போய் நிற்பேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மன்னிக்காமல் இருப்பது எப்படி என்று என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது, அதனால் நீ மன்னிக்காவிட்டால் எனக்குப் புரியும். நான் கேட்பது வேறு. சனிக்கிழமை நீ வெளியே போன பிறகு, தர்ஷினி அடுப்படியில் என் பக்கத்தில் வந்து நின்று ஒன்று கேட்டாள். என்ன கேட்டாள் என்று இதில் எழுத மாட்டேன். உயிருக்கு ஆபத்தான விஷயம் இல்லை. அப்படி இருந்தால் உன்னிடம் சொல்லுவேன் என்று அவளிடமே முதலில் சொன்னேன், லதா என்னிடம் சொன்ன மாதிரி. அவள் ஏதோ கேட்டாள் என்பதை மட்டும் உனக்கு எழுதலாமா என்று திங்கட்கிழமை என் வீட்டிலிருந்து போன் பண்ணிக் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்து, "அது மட்டும் எழுதுங்க பாட்டி" என்றாள். அதுவரைதான் எழுதியிருக்கிறேன். இது என்னிடம் தங்குகிற முதல் ரகசியம். கஷ்டமாகத்தான் இருக்கிறது. எதிர்வீட்டு அம்மா டீ குடிக்க வந்தபோது இரண்டு தடவை நுனி நாக்கு வரை வந்து திரும்பிப் போயிற்று.

அந்தத் தாளைக் குப்பைக்கூடையிலிருந்து நான் எடுத்துவிட்டேன். ஒரு மூலையில் மீன் வாடை அடிக்கும், துடைத்து நீவி இதோடு வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டுமாம். அதை முழுசாகப் படி. உன் பெயருக்கு ஓர் இடம் இருக்கிறது, அவள் பெயருக்கு ஓர் இடம் இருக்கிறது, பாட்டிக்கு எங்கேயும் இடமில்லை. நல்லதுதான். அவளை உட்கார வைத்து விருப்பமா என்று கேள். கேட்டுவிட்டு, அவள் யோசிக்கும்போது என்னை மாதிரி அதட்டாதே. எழுதினால் என்ன எழுதினாய் என்று கேட்காதே. அலமாரி மேல் வைத்தால் அந்தப் பக்கமே போகாதே.

கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் முடிவு. போடாவிட்டால் அதற்கு லதாவைக் காரணம் சொல்லாதே. ஏன்ப்பா என்று தர்ஷினி மறுபடியும் கேட்டால், உன் பாட்டிதான் பிரித்தாள் என்று சொல். பிளாட்டுக்கே சொன்னாலும் சரி. இதைச் சொல்ல உனக்கு என் சம்மதம் உண்டு.

அம்மா